சந்தேக மேடம்

கட்டின புருஷன் ஊரில் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது, ஒரு பொம்பளை பட்டப்பகலில் நாலு ஆம்பளைகள் முன்னால் தாலியைக் கழற்றித் துணிப்பையில் போட்டுக் கட்டி வைப்பதை நீங்கள் யாராவது பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். வேலை நடந்த நாளெல்லாம் பார்த்தேன். முதல் நாள் பார்த்தபோது தோளில் வைத்திருந்த தண்ணீர்க் கேனைக் கீழே போட்டுவிட்டேன். கேன் உடைந்து, அன்றைக்கு எல்லோரும் அரைத் தொண்டைத் தண்ணீரில் வேலை பார்த்தோம். அதற்கும் திட்டு எனக்குத்தான்.

இப்போது நான் துபாயில் சத்வா பக்கம் ஒரு தையல்கடைக்கு வண்டி ஓட்டுகிறேன். அப்போது ஷார்ஜாவில் ஒரு கனிம ஆய்வுக் கம்பெனியில் டிரைவர். பேருக்குத்தான் டிரைவர். மண் அள்ளுவது, சலிப்பது, பை தூக்குவது எல்லாம் உண்டு. ஹஜர் மலை இறங்கி மணல் தொடங்குகிற இடத்தில் ஆள் அரவமில்லாத ஒரு வனாந்தரம் இருந்தது. நம்மூர் வன்னி மாதிரி நாலு காஃப் மரம், கொஞ்சம் மான், அரபியில் வாதி என்று சொல்கிற, மழை பெய்தால் மட்டும் ஓடுகிற காட்டாறுகள், அவ்வளவுதான். அதற்கு வேலி போட்டு மானுக்கே விட்டுவிடலாமா, இல்லை சுரங்கம் தோண்டத் திறந்துவிடலாமா என்று அரசாங்கத்துக்கு ஒரு கேள்வி. முடிவு பண்ணுவதற்கு முன்னால் அடியில் என்ன கிடக்கிறது என்று தெரிய வேண்டுமே! அதைக் கண்டுபிடித்துச் சொல்கிற வேலை எங்கள் கம்பெனிக்குக் கிடைத்திருந்தது. அந்த வேலைக்குத் தலைவியாக வந்து இறங்கியவர்தான் மேடம். சேலத்துக்காரர். நிலவியல் படித்தவர். நாற்பதைத் தாண்டியிருக்கும். பெயர் எல்லோருக்கும் தெரியும், ஆனால் கேம்பில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. சந்தேக மேடம் என்றுதான் சொல்வோம். அது அவருக்கும் தெரியும்.

முதல் நாள் காலையில் வாதிக்குள் வண்டியை நிறுத்தியதும், "எல்லாரும் கையைக் காட்டுங்க" என்றார். பள்ளிக்கூடத்தில் நகம் பார்ப்பார்களே, அந்த மாதிரி. எங்கள் குழுவிலிருந்த பெஷாவர்க்காரர்கள் இரண்டு பேரும் ஆளுக்கொரு வெள்ளி மோதிரம் போட்டிருந்தார்கள், கழற்றிவிட்டார்கள். நான் எதுவும் போட்டதில்லை. கமுதி அண்ணன் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். எங்கள் குழுவில் மூத்தவர், ராமநாதபுரம் கமுதிப் பக்கம், வளைகுடாவிலேயே முடி நரைத்தவர்.

"கல்யாண மோதிரம் மேடம். போட்டதுலேருந்து கழட்டுனதில்ல" என்றார்.

"தங்கம் உரசுச்சுன்னா கண்ணுக்குத் தெரியாத தூள் மண்ணுல விழும்ண்ணே. லேப்காரன் அதையும் சேத்து எண்ணி, இங்க தங்கம் இருக்குன்னு எழுதிடுவான். தங்கம் பாக்குற வேலையில ஒருத்தர் ஒடம்புலயும் தங்கம் இருக்கக்கூடாது. சோப்புத் தண்ணி வண்டியில இருக்கு."

அண்ணனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "அப்ப ஒங்க கழுத்துல கெடக்குறது என்ன மேடம், பித்தளையா?"

எனக்குத் திக்கென்றது. வேலைக்கு வந்த முதல் நாளே இந்த மனுஷனை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். மேடம் அண்ணனை ஒரு நிமிஷம் பார்த்தார். "நியாயந்தான்" என்றார். சட்டைக் காலருக்குள் கையை விட்டுச் சங்கிலியைத் தூக்கித் தலைவழியாகக் கழற்றினார். கேன் விழுந்தது அப்போதுதான். கழற்றியதை எங்கே வைப்பது என்று சுற்றிலும் பார்த்தார். கேம்ப் ரூமில் வைத்துவிட்டு வந்தால் சாயங்காலம் இருக்குமா என்பது சந்தேகம். மண் கட்டுவதற்கு வைத்திருந்த புதுத் துணிப்பைக் கட்டு ஒன்றைப் பிரித்து, மேலே இருந்த பையை எடுத்து, அதற்குள் தாலியைப் போட்டுச் சுருக்குக் கயிற்றை இழுத்துக் கட்டி, வண்டியிலிருந்த இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். "இதைவிடச் சுத்தமான எடம் இங்க இல்ல" என்றார். கமுதி அண்ணன் சோப்புத் தண்ணீரை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய்விட்டார்.

ராத்திரி ஊருக்குப் போன் பண்ணி என் பெண்டாட்டியிடம் சொன்னேன். "அய்யய்யோ, அந்தம்மா கையால தண்ணி கூட வாங்கிக் குடிக்காதீங்க" என்றாள். அவளிடம் சொன்னதே தப்பு.

மேடத்துக்குச் சந்தேகம் என்பது வியாதி மாதிரி. ஒரு கல்லைக் கையில் எடுத்தால் சும்மா பார்க்க மாட்டார். உடைப்பார், லென்ஸை வைத்துப் பார்ப்பார், பிறகு நாக்கை நீட்டி நக்குவார். ஆண்டவனே! பெஷாவர்க்காரர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, இந்த அம்மாவுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது, நிழலில் உட்கார வையுங்கள் என்று என்னிடம் பதறினார். கல்லை ஈரமாக்கினால்தான் அதன் உள்நிறம் தெரியுமாம். "தண்ணி ஊத்திப் பாக்கலாமே மேடம்" என்று கேட்டேன். "தண்ணி குடிக்கிறதுக்கு. ஏற்கெனவே ஒரு கேனை ஒடச்சவன்தான நீ" என்றார். அதை அவர் மறக்கவே இல்லை.

மற்றவர்களைத்தான் சந்தேகப்படுகிறார் என்றால் கோபப்பட்டுவிட்டுப் போகலாம். அவருக்கு முதல் சந்தேகம் அவர் மேலேயே. பை கட்டி முடித்ததும் என்னைக் கூப்பிட்டு, "நம்பர் சரியா எழுதிருக்கேனா பாரு" என்பார். சரியாகத்தான் இருக்கும். "சரியா இருக்கு மேடம்" என்றால், "பாக்காமச் சொல்லாத" என்பார். "மொதல்ல என்னைச் சந்தேகப்படு, அப்புறம் உன்னை, அதுக்கப்புறம் கல்லை. கல்லு பாவம், அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது." இதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

ஒரு நாள் கேம்பை விட்டுக் கிளம்பும்போது, "ஸ்டெப்னியில காத்து இருக்கா தம்பி?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "எப்பப் பாத்த?" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் பதினெட்டு வயதில் ஸ்டியரிங் பிடித்தவன், எனக்கே பாடமா! வெடுக்கென்று இறங்கிப் போய் ஸ்டெப்னியை ஒரு உதை விட்டேன். கால் உள்ளே போனது. சொட்டுக் காற்றில்லை. அன்றைக்குப் போக வேண்டிய வாதியில் போனுக்கு டவர் கிடையாது, வேறு வண்டி வருகிற வழியும் கிடையாது. பம்பை எடுத்துக் காற்றடிக்க ஆரம்பித்தேன். மேடம் ஒன்றும் சொல்லாமல் பார்ப்பார் பாருங்கள், அதற்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

இன்னொரு விஷயத்தை என்னால் கொஞ்ச நாள் மன்னிக்கவே முடியவில்லை. கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்து என் பெண்டாட்டி முழுகாமல் இருக்கிறாள் என்று ஊரிலிருந்து சேதி வந்தது. ஷார்ஜா ரோலாக் கடைத்தெருவுக்குப் போய் அல்வா வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தேன். கமுதி அண்ணன் என்னைத் தூக்கிச் சுற்றினார். மேடம் அல்வாவை வாயில் போட்டுக்கொண்டு, "டாக்டர் சொன்னாங்களா, இல்ல மருந்துக்கடைக் குச்சி சொல்லுச்சா?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அல்வா டப்பாவை மூடிக்கொண்டு ரூமுக்குப் போய்விட்டேன். மனுஷப் பிறவியா இது என்று இருந்தது. அதற்கப்புறம் வண்டியில் அவரோடு நான் பேசவில்லை. ஒரு மத்தியானம் அவரே பேரீச்சம்பழப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து டேஷ்போர்டில் வைத்தார்.

"கேக்கக்கூடாத நேரத்துல கேட்டுட்டேன் தம்பி. வாய் முந்திக்குது. உன் வீட்டம்மாவுக்குக் குடுத்து அனுப்பு."

"இதை எப்டி மேடம் அனுப்புறது? லீவுக்குப் போறப்ப குழந்தை பொறந்துருக்கும்."

"அப்ப நீ தின்னு" என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டரிடம் காட்டி உறுதியான பிறகு அவருக்குத்தான் முதலில் சொன்னேன். "இப்பக் குடு அல்வா" என்றார். தன்னை வெறுக்கவும் விடமாட்டார்.

அப்போது எங்கள் எல்லோருக்கும் ஒரே பயம் இருந்தது. அந்த ஆய்வு முடிந்தால் கம்பெனியிடம் வேறு வேலை இல்லை. அங்கே எதாவது அகப்பட்டால் துளை போடும் வேலை வரும், விசா புதுப்பிப்பார்கள். ஒன்றும் அகப்படாவிட்டால் கேம்பைச் சுருட்டி, எங்களையும் சுருட்டி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். மண் பைகளை லேபுக்கு அனுப்பிவிட்டுப் பரீட்சை எழுதின பிள்ளைகள் மாதிரி காத்துக்கொண்டிருந்தோம்.

தங்கம் வந்துவிட்டது!

வெள்ளைக்கார மேனேஜர் ஷார்ஜாவிலிருந்து தானே வண்டியை ஓட்டிக்கொண்டு கேம்புக்கு வந்தார். கையில் கேக், பின்சீட்டில் பிரியாணி அண்டா. ஒரு வாதியில் இல்லை, வரிசையாக எத்தனையோ வாதிகளில் தங்கத்தின் அடையாளம் தெரிகிறதாம். அரசாங்கத்துப் பெரியவரிடம் சொல்லியாகிவிட்டது, அடுத்த வாரம் அவர் ஆபீசுக்கு வருகிறார், துளை போடுகிற வேலை நமக்குத்தான், ஒருத்தரும் ஊருக்குப் போக வேண்டாம் என்றார். பெஷாவர்க்காரர்கள் வட்டம் போட்டு ஆடினார்கள். கமுதி அண்ணன் போனைக் காதில் வைத்துக்கொண்டு கத்தியது இப்போதும் என் காதில் இருக்கிறது. "ஏய், பயல அந்த இன்ஜினியரிங் காலேஜ்லயே சேத்துரு. யோசிக்காத. சேத்துருன்னு சொல்றேன்ல!" நான் வயிற்றிலிருக்கும் பிள்ளைக்குப் பேர் யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

மேடம் மட்டும் கேக் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "என்ன மேடம், சந்தோஷமா இல்லியா?" என்று கேட்டேன்.

"நல்லாருக்கு. ரொம்ப நல்லாருக்கு. அதான் இடிக்குது."

எனக்குக் கேக்கைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்று வந்தது.

மறுநாள் சுவரில் மாட்டிய வரைபடத்தில் தங்கம் வந்த இடங்களுக்கெல்லாம் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினார். ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார், கிட்டே போய்ப் பார்த்தார். சாயங்காலம் என்னையும் கமுதி அண்ணனையும் கூப்பிட்டார்.

"ஒரே மலையில தங்கம் இருந்தா பக்கத்துப் பக்கத்துல கொஞ்சமாச்சும் காட்டணும். இது ஒரு எடத்துல பளிச்சுன்னு காட்டுது, அடுத்த எடத்துல சுத்தமா இல்ல. தங்கத்தோட கூட வரவேண்டிய சமாச்சாரம் ஒண்ணு கூட வரல. மலை இப்படிப் பண்ணாது. இது மனுஷன் பண்ற ஒழுங்கு மாதிரி இருக்கு" என்றார். பிறகு ஒவ்வொரு ஸ்டிக்கராக விரலை வைத்து, "இது அன்னைக்கு எத்தனாவது பை?" என்று கேட்டார்.

இரண்டு பேரும் யோசித்துச் சொன்னோம். இது காலையில் வண்டியை நிறுத்தியதும் எடுத்தது. இதுவும் அப்படித்தான். இதுவும். முதல் நாளைத் தவிர, ஒவ்வொரு நாளும் முதலில் எடுத்த பையில்தான் தங்கம்.

"மொதப் பையை எங்கேருந்துண்ணே எடுப்பீங்க?"

அண்ணன் பெருமையாகச் சொன்னார். "பொட்டிக்குள்ள தனியா ஒரு பை கெடக்கும்ல மேடம், அதத்தான். புதுக் கட்டுலேருந்து எடுக்க மாட்டேன். நீங்கதான ஒரு பை கூட வேஸ்ட் பண்ணக்கூடாதுன்னு சொல்லிருக்கீங்க."

மேடம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கை கழுத்துக்குப் போனது.

எனக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. தினமும் காலையில் புதுக் கட்டைப் பிரித்து முதல் பையில் தாலியைப் போடுவது அவர். சாயங்காலம் தாலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெறும் பையைப் பெட்டிக்குள் போடுவதும் அவர். பகல் பூராவும் வண்டி குலுங்கிய குலுக்கலில் தாலி அந்தத் துணியில் உரசிக்கொண்டே கிடந்திருக்கிறது. மறுநாள் காலையில் அவர் பெட்டியைத் திறந்ததும் அண்ணன் அந்தப் பையை எடுத்து அதில்தான் முதல் மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறார். தங்கம் மண்ணில் படக்கூடாது என்று கழற்றி வைத்த தாலி, கழற்றி வைத்ததாலேயே மண்ணுக்குப் போயிருக்கிறது. அட கொடுமையே! கழுத்திலேயே கிடந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

கமுதி அண்ணன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "மேடம், விடுங்க. நம்ம மூணு பேருக்குத்தான் தெரியும். தோண்டிப் பாக்கட்டும். இல்லன்னா இல்லன்னு எழுதிட்டுப் போறாங்க. அதுக்குள்ள எம் பய படிப்பை முடிச்சுருவான்." நானும் அதையேதான் நினைத்தேன். அவர் வாயால் வந்தது, அவ்வளவுதான்.

மேடம் வரைபடத்தைச் சுவரிலிருந்து கழற்றிச் சுருட்டினார். விடிந்ததும், "வண்டிய எடு தம்பி, ஆபீசுக்கு" என்றார். வழியெல்லாம் எனக்குள் கொதித்துக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் வருவதாக இருந்த அரசாங்கத்துப் பெரியவர் அன்றைக்கே வந்திருந்தார். வெள்ளைக் கந்தூரா அங்கி, நரைத்த தாடி, சாந்தமான முகம். மேனேஜர் அவர் பக்கத்தில் பல்லெல்லாம் தெரிய உட்கார்ந்திருந்தார். மேடம் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். எதையும் மழுப்பவில்லை, யார் மேலும் பழி போடவில்லை. தப்பு என்னுடையது, பை என்னுடையது, தாலி என்னுடையது என்றார். மேனேஜர் முகம் சிவந்துபோய், இவ்வளவு சின்ன நகையிலிருந்து அவ்வளவு வராது, இது உங்கள் கற்பனை என்றார். பிறகு வாசலில் நின்ற என்னைக் கூப்பிட்டார். மேடம் நகையைப் பையில் வைத்ததை நீ பார்த்தாயா என்று கேட்டார்.

"இல்ல சார். மேடம் எப்பவும் ஹேண்ட்பேக்லதான் வைப்பாங்க" என்றேன்.

பொய்தான். இன்றைக்கும் எனக்கு அதில் வருத்தம் கிடையாது. ஒரு பிள்ளை வயிற்றில், ஒரு பிள்ளை காலேஜில், நாலு குடும்பம் அந்த ஒரு வார்த்தையில் தொங்கியது. நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

மேடம் திரும்பிப் பார்த்தார். "தம்பி, எனக்காகப் பொய் சொல்லாத" என்று தமிழில் சொன்னார். எனக்காகத்தான் சொன்னேன் மேடம் என்று கத்தலாம் போல இருந்தது. அதற்குள் அவர் அந்தப் பக்கம் திரும்பி, கழுத்துக்குக் கையைக் கொண்டுபோய்விட்டார்.

வனாந்தரத்தில் பார்த்துப் பார்த்துப் பழகியதுதான். ஆனால் ஏசி ரூமில், கோட்டும் கந்தூராவும் போட்டவர்கள் முன்னால், மினுமினுக்கிற அந்த மேஜையில் தாலி 'டக்' என்று விழுந்தபோது எனக்கு ரத்தமே உறைந்துவிட்டது. "இதை லேபுக்கு அனுப்புங்கள். ஓரத்தில் சுரண்டிப் பார்க்கட்டும். பையில் வந்த தங்கமும் இதுவும் ஒன்றா என்று தெரிந்துவிடும். நான் சொல்வதை நம்ப வேண்டாம்" என்றார்.

அரபிப் பெரியவர் இது என்ன நகை என்று கேட்டார். என் கல்யாணம் என்றார் மேடம். பெரியவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். தாலியைத் தொடவில்லை. பார்வையைத் தாழ்த்திக்கொண்டு, "சகோதரி, முதலில் அதைப் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு பேசலாம்" என்றார். மேடம் மாட்டேன் என்று தலையாட்டினார். கடைசியில் பெரியவர்தான் முடிவு சொன்னார். நகை லேபுக்குப் போகட்டும். அதே இடங்களில் மறுபடி மண் எடுங்கள். இந்தத் தடவையும் தங்கம் வந்தால் வேலை தொடரும், வராவிட்டால் கலாஸ், அத்தோடு முடிந்தது.

லேபில் கொடுத்துவிட்டு வரும் வழியில் மேடத்தின் வீட்டுக்காரர் போன் பண்ணினார். வண்டி ஸ்பீக்கரில் கேட்டது.

"குடுத்துட்டியா? அறுத்தா பாப்பாங்க?"

"இல்லங்க. ஓரத்துல அரம் போட்டு லேசாத் தேய்ப்பாங்களாம்."

"சரி. சாப்டியா?" என்றார். இப்படியும் ஒரு மனுஷனா என்று நான் பிரேக்கை மிதித்துவிட்டேன்.

கேம்பில் விஷயம் தெரிந்ததும் கமுதி அண்ணன் நிதானம் இழந்துவிட்டார். எல்லோர் முன்னாலும் மேடத்தைப் பார்த்து, "எங்க எல்லாரு தாலியையும் சேத்து அறுத்துட்டீங்களே!" என்று அலறிவிட்டார். சொன்ன பிறகு அவரே மிரண்டுபோய் வாயைப் பொத்திக்கொண்டார். மேடத்தின் கழுத்து வெறுமையாக இருந்தது. எங்கள் யாருக்கும் அந்தப் பக்கம் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. "எனக்கும் இனிமே இங்க வேலை இருக்காதுண்ணே" என்றார் மேடம். குரலில் கோபமே இல்லை. "நாளைக்குக் காலையில கெளம்பணும். வருவீங்கள்ல?"

அண்ணன் வந்தார். வந்தது மட்டுமா! மறுபடி மண் எடுத்த நாட்களில் அவரைப் போல யாரும் வேலை பார்க்கவில்லை. கையைக் கழுவிக் கழுவி, கையுறையை மாற்றி மாற்றி, சீல் பிரிக்காத புதுப் பைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, அதன் பிறகுதான் மண்ணைத் தொட்டார். "இந்தத் தடவ நெசமாவே இருக்கும் பாரு. அன்னைக்கு வந்தது பூராவுமா தாலியிலேருந்து வந்துருக்கும்? பாதியாச்சும் மலையோடதா இருக்கும்டா" என்று என்னிடம் சொன்னார். எங்களுக்கும் அந்த நம்பிக்கை மெல்ல மெல்ல ஒட்டிக்கொண்டது. பெஷாவர்க்காரர்கள் ஒவ்வொரு பையையும் எடுக்கும்போது பிஸ்மில்லா சொன்னார்கள். மேடம் மட்டும் எதுவும் பேசாமல் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு சுருக்குக் கயிறுகளை இழுத்துக் கட்டினார். தான் சொன்னது சரி என்று நிரூபிக்கத்தான் இந்த அம்மா இப்படி வேகம் காட்டுகிறார் என்று எனக்குத் தோன்றியது.

ரிசல்ட் வாங்க நான்தான் அவரை லேபுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மத்தியானம், நல்ல வெயில். உள்ளே போனவர், கவரைப் பிரித்துப் படித்தபடியே வந்து முன்சீட்டில் ஏறினார். வண்டியைக் கிளப்பி ஹைவேயில் ஏறும் வரைக்கும் அந்தக் காகிதத்தையே திரும்பத் திரும்பப் படித்தார். என்னால் பொறுக்க முடியவில்லை.

"என்ன மேடம்?"

"ஒண்ணும் இல்ல தம்பி. ஒரு பையில கூட இல்ல. அன்னைக்கு வந்ததும் தாலியில சுரண்டினதும் ஒண்ணுதானாம். எல்லாம் என்னோடதுதான்."

கேம்பிலிருந்து கிளம்பும்போதே சொல்வதற்கு நாலு வார்த்தை தயாராக வைத்திருந்தேன். அதில் முதல் வார்த்தை வெளியே வந்துவிட்டது. "சந்தோஷமா மேடம்? நீங்க சொன்னதுதான் சரியாப் போச்சு!"

திரும்பிப் பார்த்தேன். அந்த அம்மா அழுதுகொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொள்கிற அழுகை இல்லை. சாவு வீட்டில் அழுவார்களே, அந்த மாதிரி உடம்பெல்லாம் குலுங்க. இவருக்கு அழ வரும் என்றே எனக்குத் தெரியாது. பதறிப்போய் இண்டிகேட்டர் போட்டு வண்டியை ஓரங்கட்டினேன். பக்கத்தில் லாரிகள் போகிற வேகத்தில் எங்கள் வண்டி ஆடியது.

"சந்தோஷமாவா?" என்றார். "ஒவ்வொரு பையைக் கட்டும்போதும் 'இருந்துடு, இருந்துடு'ன்னு மனசுக்குள்ள சொல்லிட்டேதான்டா கட்டினேன். தெரிஞ்ச சாமி பேரெல்லாம் சொன்னேன். மண்ணுகிட்டப் போயி வேண்டிக்கிட்டேன் தம்பி. நான்! இவ்வளவு படிச்சுட்டு, வெறும் மண்ணுகிட்டப் போயி!"

மீதி மூன்று வார்த்தையும் எங்கே போனதென்று தெரியவில்லை. தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினேன். வாங்கி முகத்தைக் கழுவினார். சட்டையெல்லாம் நனைந்தது.

"நான் போன் பண்ணி அண்ணன்கிட்ட முன்கூட்டியே சொல்லிரட்டுமா மேடம்?" என்று கேட்டேன்.

"வேணாம். நீ சொல்லாத. போன்ல சொல்ற விஷயமா இது? நானே நேர்ல சொல்றேன். நீ வண்டிய மெதுவா ஓட்டு, அது போதும்."

மெதுவாகத்தான் ஓட்டினேன். எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் கேம்ப் வராமல் போய்விடுமா என்ன? கடைசித் திருப்பத்தில் எங்கள் தூசியைப் பார்த்துவிட்டுக் கமுதி அண்ணன் வாசலுக்கு ஓடி வந்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டே வந்தார். ஊரிலிருந்து வீட்டம்மா லைனில் இருந்திருக்க வேண்டும். "இரு, இரு, வந்துட்டாங்க, கேட்டுச் சொல்றேன்" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே, முகமெல்லாம் சிரிப்பாக வண்டியைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

நான் இன்ஜினை அணைப்பதற்கு முன்பே மேடம் கதவைத் திறந்துகொண்டு இறங்கிவிட்டார்.